யாரை அனுப்புவது? யாரை அழைப்பது?

சிவகங்கைச் சீமையின் சிற்றூர்ப் பிள்ளைகள் பலருக்குக் கோடையில் வற்றிப்போகும் கண்மாயே கால்பந்துத் திடல். தண்ணீர் வடிந்து, வண்டல் வெடித்து, சித்திரை வெயிலில் அது தளம் போட்டதுபோல் இறுகியதும் இரு புறமும் கம்புகள் ஊன்றப்படும். மழை இறங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. காரைக்குடிக்கு அண்மையில் அத்தகைய கண்மாய்க்கரைப் பங்கு ஒன்றில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மாலைச் செபம் முடிந்து கோயிற் கதவைச் சாத்தும் நேரத்தில் இளைஞர் நால்வர் வந்து நின்றனர். பங்கின் விளையாட்டுக் கழகத்துக்குப் பங்குத்தந்தையே தலைவர் என்பது அங்குள்ள வழக்கம்.

“சாமி, வாத்தியார மாத்தணும்” என்றான் அவர்களில் மூத்தவன்.

வாத்தியார் என்று அவர்கள் குறிப்பிட்டது ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரை. பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு காசு வாங்காமல் அந்தப் பங்கின் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்பித்து வந்தவர். ஆயினும் கடந்த இரண்டு கோடைகளிலும் அணி எந்தப் போட்டியிலும் இரண்டாம் சுற்றைக் கண்டதில்லை. இளைஞர்கள் கூறியதில் பொய் இல்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் கழக உறுப்பினர்களைக் கேட்டோம், பெற்றோர்களைக் கேட்டோம், பக்கத்துப் பங்குத்தந்தையையும் கேட்டோம். கேட்காமல் விட்டது ஒருவரைத்தான். வார இறுதியில் அவருடைய நெடுநாள் சேவைக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதி, கோயிற்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினோம். நகரத்தில் கல்லூரி அணிக்கு ஆடிய இளைஞர் ஒருவர் புதிய பயிற்சியாளராக வந்தார். அடுத்த கோடையில் அணி இரண்டு கோப்பைகளை வென்றது. எல்லாரும் நம்மைப் பாராட்டினர்.

நாம் செய்தது சரியா? கோப்பைகள் ‘சரி’ என்கின்றன. எனினும் அந்த விடையை நம்மால் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் கழகம் ஒன்று தன் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடும் செய்தியை எங்கு வாசித்தாலும், கோயிற்பிள்ளை கையிலிருந்த அந்த உறைதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே இதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

நமக்கு அருகிலுள்ள பெரிய எடுத்துக்காட்டு சென்னையின் கால்பந்துக் கழகம். இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை 2018 மார்ச் மாதம் பெங்களூரு அணியை அதன் சொந்தத் திடலிலேயே 3-2 என்று வீழ்த்தி அக்கழகம் வென்றது. பயிற்சியாளர் ஜான் கிரகரி என்ற ஆங்கிலேயர். அவரைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள். அடுத்த பருவத்தில் அதே பயிற்சியாளரின் கீழ் அதே கழகம் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளும் ஒன்பதே புள்ளிகளும் பெற்றுப் பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. ஆயினும் கழகம் அவரை உடனே அனுப்பவில்லை. இன்னுமொரு பருவம் தந்தது. 2019-இல் அப்பருவம் தொடங்கியபோது முதல் நான்கு ஆட்டங்களில் அணியால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகள். நவம்பர் இறுதியில் கிரகரி விலகினார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில் வந்தார். பின்னர் நிகழ்ந்ததைக் கால்பந்து அன்பர்கள் இன்றும் வியந்து பேசுவார்கள். மீதமிருந்த பன்னிரண்டு ஆட்டங்களில் இருபத்து நான்கு புள்ளிகள், பட்டியலில் நான்காம் இடம், அரையிறுதியில் கோவா அணிக்கு எதிராக இரு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்ற வெற்றி, கடைசியில் இறுதியாட்டம். 2020 மார்ச் 14 அன்று, பெருந்தொற்று அச்சத்தால் பார்வையாளர் ஒருவரும் இல்லாத கோவாத் திடலில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். தோற்றாலும் அது உயிர்த்தெழுந்த அணிதான்.

இக்கதையை இத்துடன் நிறுத்தினால் பாடம் எளிது: பழையவர் போனார், புதியவர் வந்தார், பிணி நீங்கிற்று. ஆனால் கதையை உற்றுநோக்கினால் வேறு சில செய்திகளும் தென்படுகின்றன. அப்பருவத்தில் பதினைந்து கோல்கள் அடித்துத் தங்கக் காலணி பெற்ற லித்துவேனிய வீரர் வால்ஸ்கிஸ், கிரகரியின் காலத்திலேயே அணியில் சேர்க்கப்பட்டவர். தோற்ற அணியும் வென்ற அணியும் பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். நட்டவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர். அறுத்தவரின் திறமையைக் குறைத்துக் கூற நாம் முயலவில்லை. அறுவடை நாளில் நட்டவரின் பெயரை எவரும் சொல்வதில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம்.

அடுத்த ஆண்டே காயில் ஜாம்ஷெட்பூர் கழகத்துக்குச் சென்றுவிட்டார். அதற்குப் பின் சென்னையில் ஆண்டுக்கொருவராகப் பயிற்சியாளர்கள் வந்தனர்: சாபா லாஸ்லோ, போசிதார் பாந்தோவிச், தாமஸ் பிரதாரிச். மூவரும் மூன்று மண்ணிலிருந்து மூன்று முறைகளோடு வந்தவர்கள். 2020-21, 2021-22, 2022-23 ஆகிய மூன்று பருவங்களின் முடிவிலும் அணி நின்ற இடம் எது தெரியுமா? எட்டு, எட்டு, எட்டு! 2023-இல் காயிலையே மீண்டும் அழைத்தார்கள். முதல் பருவத்தில் ஆறாம் இடம். அதற்கடுத்த பருவத்தில் பதினோராம் இடம். முன்பு மருந்தாகத் தோன்றியவர் மறுமுறை மருந்தாகவில்லை. ஆகவே நோய் எது, மருந்து எது என்று நாம் அவ்வளவு எளிதில் அறிந்துவிட்டதாக எண்ணுவது பேதைமை.

இதைப்பற்றி முறையாக ஆராய்ந்தவர்கள் உண்டு. நெதர்லாந்து நாட்டின் பொருளியல் அறிஞர் பாஸ் டெர் வேல் அந்நாட்டு முதல்நிலைக் கழகங்களின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை நீக்கிய கழகங்கள் அதன்பின் முன்னேறின என்பது உண்மை. ஆனால் அதே அளவுக்குத் தோற்றும் பயிற்சியாளரை நீக்காத கழகங்களையும் அவற்றின் அருகே வைத்துப் பார்த்தார். அவையும் ஏறத்தாழ அவ்வாறே முன்னேறியிருந்தன. நீக்கியதால் விளைந்த தனிப் பயன் என்று ஒன்றும் புலப்படவில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரை மாற்றுகிறோம். உச்சத்திற்குப் பின் காய்ச்சல் பெரும்பாலும் தானே இறங்கும். இறங்கியதன் புகழ் இரண்டாம் மருத்துவருக்குச் சேர்ந்துவிடுகிறது.

அப்படியானால் நம் பங்கு அணி வென்ற இரண்டு கோப்பைகள்? அந்த ஆண்டு நம் அணியில் மூன்று பையன்கள் திடீரென்று வளர்ந்திருந்தார்கள். பக்கத்து ஊர் அணியின் சிறந்த ஆட்டக்காரர்கள் இருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். புதிய இளைஞர் நல்லவர், உழைத்தவர். ஆயினும் உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை.

ஒருவரை அனுப்பும்போது நம் உள்ளத்தில் நிகழ்வதுதான் நம்மை அதிகமாக அச்சுறுத்துகிறது. தோல்வி ஒரு குழுவின் தோல்வி. அதில் நிர்வாகத்துக்குப் பங்குண்டு, ஆட்டக்காரர்களுக்குப் பங்குண்டு, பணம் ஒதுக்காதவர்களுக்குப் பங்குண்டு. அத்தனை பங்கையும் ஒரு மனிதரின் தலையில் ஏற்றி ஊர் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டால் மற்ற அனைவரும் அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம். லேவியர் நூலில் பாலைநிலத்துக்கு ஓட்டிவிடப்படும் வெள்ளாட்டைப்பற்றி வாசகர்கள் அறிவார்கள். பலிகடா என்ற சொல்லை இன்று எவ்வளவோ எளிதாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் அச்சடங்கில் ஒரு நேர்மை இருந்தது. ஆட்டின் தலைமேல் இரு கைகளையும் வைத்து, மக்களின் குற்றங்கள் அனைத்தையும் வாய்விட்டு அறிக்கையிட்ட பின்னரே அதை அனுப்பினார்கள். ஆடு சுமந்து போவது எவருடைய பாவம் என்பது அங்கு நின்றவர்களுக்குத் தெரியும். நம் கழகக் கூட்டங்களில் ஆடு மட்டும் போகிறது, அறிக்கை நடப்பதில்லை.

நம் கூட்டத்தில் அறிக்கை நடந்திருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவ்விரு கோடைகளிலும் கழகத்திடம் இருந்த பந்துகள் இரண்டு. அவற்றுள் ஒன்று தையல் விட்டது. புதிய பந்துகள் வேண்டுமென்று வாத்தியார் இருமுறை கேட்டிருந்தார். கோயில் கூரைச் செலவு முதலில் என்று நாம்தான் தள்ளி வைத்தோம். புதிய பயிற்சியாளர் வந்த வாரமே ஆறு பந்துகள் வாங்கிக் கொடுத்தோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பே. ‘சாமி, பொறுமை பொறுமை என்கிறீர்கள். உங்கள் பொறுமைக்கு விலை கொடுப்பவர் யார்?’ பதினேழு வயதுப் பையனுக்குக் கழகத்தில் ஆட இரண்டு மூன்று கோடைகளே உண்டு. அதன்பின் வேலை, வெளியூர், திருமணம். ஒரு முதியவரின் மனம் நோகாதிருக்க அவனுடைய கோடைகளைச் செலவிட நமக்கு என்ன உரிமை? மான்செஸ்டர் யுனைடெட் கழகம் 1986-இல் அலெக்ஸ் பெர்குசனை அமர்த்தி, முதல் லீக் பட்டத்துக்காக 1993 வரை காத்திருந்ததைப் பொறுமைக்குச் சான்றாகப் பலர் எடுத்துரைப்பார்கள். நாமும் மறையுரையில் ஒருமுறை சொல்லியிருக்கிறோம். ஆனால் பொறுத்துப் பொறுத்தே கீழ்நிலைக்கு இறங்கிப்போன கழகங்களின் கதையை எவரும் மறையுரையில் சொல்வதில்லை. சென்னைக் கழகம் கிரகரிக்குக் கொடுத்த கூடுதல் பருவமும் பொறுமைதான். அதன் பயன் ஐந்து புள்ளிகள்.

காய்க்காத அத்திமரத்தின் உவமையை நாம் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். ‘இந்த ஓராண்டும் இருக்கட்டும்’ என்று தோட்டக்காரர் கேட்டது நினைவிருக்கிறது. சுற்றிலும் கொத்தி எருப் போடுவேன் என்று அவர் வாக்களித்ததையும், அதற்குப் பின்னும் காய்க்காவிட்டால் வெட்டிவிடலாம் என்று அவரே ஒப்புக்கொண்டதையும் மறந்துவிடுகிறோம். அவர் கேட்டது வெறும் காலத்தை அன்று. கையில் மண்வெட்டியோடு கூடிய காலத்தை. மண்வெட்டியைத் தொடாதவன் பொறுமையைப்பற்றிப் பேசத் தகுதியற்றவன், அவசரத்தைப்பற்றியும் அப்படியே. பந்து வாங்கித் தராத நாம் வாத்தியாரை வைத்திருந்தாலும் தவறு, அனுப்பினாலும் தவறு என்றே இன்று தோன்றுகிறது.

சரி, அனுப்பத்தான் வேண்டும் என்று தெளிந்த பின் யாரை அழைப்பது? வென்றவரை அழையுங்கள் என்பது உலக வழக்கு. அந்த அளவுகோலால் அளந்திருந்தால் 2019-இல் காயிலுக்கு இடமே இருந்திருக்காது. அதற்கு முன் அவர் ஸ்காட்லாந்தில் நடத்திய ராஸ் கவுன்டி கழகம் பட்டியலின் அடியில் கிடந்தபோது 2018-இல் அவர் விலகியிருந்தார். இங்கிலாந்தில் போல்ட்டன் கழகம் அவர் பொறுப்பில் இருந்தபோதே 2012-இல் முதல்நிலையிலிருந்து இறங்கியது. கோப்பையோடு வந்த கிரகரி கடைசி இடத்தில் நின்றார். தோல்விகளோடு வந்த காயில் இறுதியாட்டம் கண்டார். கடந்தகாலப் பட்டியல் பயனற்றது என்று சொல்லவில்லை. அது அந்த மனிதரைப்பற்றிச் சொல்லும் அளவுக்கு அவர் இருந்த இடத்தைப்பற்றியும் சொல்கிறது. இரண்டையும் பிரித்து வாசிக்கத் தெரிய வேண்டும்.

நம்மவரா அந்நியரா என்ற வினாவும் உண்டு. சென்னையின் கழகம் 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று தோற்று பாந்தோவிச்சை அனுப்பியபோது, எஞ்சிய ஆட்டங்களுக்குச் சென்னைக் கால்பந்தில் நெடுநாள் உழைத்த சையத் சாபிர் பாஷாவிடம் பொறுப்பைக் கொடுத்தது. தீ அணைக்க நம்மவர். வீடு கட்ட அந்நியர். பருவம் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். நாட்டின் அணிக்கு 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் அமர்த்தப்பட்டபோது, 2012-க்குப் பின் அப்பொறுப்பை முழுமையாக ஏற்ற முதல் இந்தியர் அவர் என்று நாளேடுகள் மகிழ்ந்தன. நாமும் மகிழ்ந்தோம். அதே அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, இந்தியா ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அவர் வருவதற்கு முன்பே வங்காளதேசத்தோடு சமன், ஹாங்காங்கிடம் தோல்வி என்று பாதி வழி இடறியாகிவிட்டது. இதில் அவர் கணக்கு எவ்வளவு, முன்னவர் கணக்கு எவ்வளவு?

கணக்கு என்ற சொல் வந்ததும் நம் செட்டிநாட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரங்கூனிலும் பினாங்கிலும் நகரத்தார் கடைகள் நடந்த காலத்தில், முதலாளி இங்கே காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடல் கடந்த கடையை மேலாள் ஒருவர் நடத்துவார். அவரைத் தெரிந்தெடுப்பது இன்றைய கழகங்கள் பயிற்சியாளரைத் தேடுவதைவிட நிதானமான காரியம். பெட்டியடிப் பையனாய் நுழைந்து, அடுத்தாளாய் உயர்ந்து, அருகிருந்தோர் பார்வையில் ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கே கடை கைக்கு வரும். சம்பளச் சீட்டு எழுதி, பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்புவார்கள். ஒரு மாதம் வட்டி வசூல் குறைந்தது என்று ஆளை மாற்ற முடியாது. மாற்றத் துணிந்தாலும் கப்பல் போய்ச்சேர நாளாகும். அந்தத் தூரமே அவர்களுக்கு ஒருவகைப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது எனலாம். அவர்கள் எல்லாரும் அறவாளர்கள் என்று நாம் வாதிட வரவில்லை. கடன் வாங்கிய பர்மிய உழவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். ஆயினும் தவணை முடிந்து போகிறவர் வருகிறவரிடம் கடையின் கணக்கை ஒப்படைத்த பின்னரே ஊர் திரும்ப வேண்டும் என்ற ஒழுங்கு நம் சிந்தனைக்குரியது. யார் நம்பத்தக்கவர், யார் இழுத்தடிப்பவர், எந்தக் கடன் வராது என்பதெல்லாம் ஏட்டில் பாதி, வாயில் பாதியாகக் கைமாறும். திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து உள்ளன. ஆளை ஆராய்வது ஒன்று. ஆராய்ந்த பின் அவரிடம் வேலையை விட்டுவிடுவது மற்றொன்று. முன்னதைச் செய்யாமல் பின்னதற்குத் தாவுகிறோம்; அல்லது முன்னதை என்றுமே முடிக்காமல் பயிற்சியாளரின் தோளுக்குப் பின் நின்றுகொண்டே இருக்கிறோம்.

போகிறவரிடமும் நியாயம் கேட்க வேண்டாமா என்று வாசகர் வினவலாம். வேண்டும். காயில் இங்கிலாந்தின் பர்ன்லி கழகத்தை முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 2009-இல் முதல்நிலைக்கு உயர்த்தினார். சில மாதங்களில், 2010 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே அண்டைக் கழகமான போல்ட்டனுக்குச் சென்றுவிட்டார். பர்ன்லி அந்தப் பருவத்திலேயே கீழே இறங்கியது. அவ்வூர் அன்பர்கள் அவரை யூதாஸ் என்று கூவி அழைத்தார்கள். அப்பெயரை இவ்வளவு மலிவாக வழங்கலாமா என்பது ஒரு புறம் இருக்கட்டும். அவர்கள் மனக்குமுறல் நமக்கு விளங்குகிறது. நடுக்கடலில் படகை விட்டு இறங்குவது அழகன்று. ஆனால் ஆறு ஆட்டம் தோற்றால் அதே பயிற்சியாளரை நடுக்கடலில் தள்ளக் கழகத்துக்கு எவரும் தயங்காமல் உரிமை கொடுக்கிறோமே! கழகம் அனுப்பினால் அது நிர்வாகம். அவராகப் போனால் அது துரோகம். இரண்டு தராசு வைத்துக்கொண்டு நியாயம் நிறுக்க முடியாது.

நம் கதைக்குத் திரும்புவோம். கடிதம் கிடைத்த பின்னும் வாத்தியார் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வந்தார். வழக்கமாக உட்காரும் மூன்றாம் வரிசையை விட்டு வாயிலோரத் தூணருகே நின்றார். நன்மை வாங்க வரும்போது நம் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு நமக்கு வேறு பங்குக்கு மாற்றல் வந்தது. நம்மை யாரும் கடிதம் கொடுத்து அனுப்பவில்லை. மாலை போட்டு வழியனுப்பினார்கள்.

ஆறேழு ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்துக்காக அவ்வூருக்குப் போனபோது அவர் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண்பார்வை பெரிதும் குறைந்திருந்தது. குரலை வைத்து அடையாளம் கண்டு எழ முயன்றார். நாம் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் அமர்ந்தோம். வழியெல்லாம் கூட்டிவைத்திருந்த சொற்கள் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. “வாத்தியாரே, அந்தக் கடுதாசிய நான் நேர்ல வந்து குடுத்திருக்கணும்” என்று மட்டும் சொன்னோம்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே திரும்பி மகளை அழைத்து, அலமாரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். பிள்ளைகளின் பெயர், எந்தக் காலால் உதைப்பான், எவன் அதட்டினால் சுருங்குவான், எவனை அதட்டினால்தான் ஓடுவான், எவன் வீட்டில் காலையில் சாப்பாடு இருக்காது என்று பத்தொன்பது கோடைகளின் குறிப்பு அதில் இருந்தது.

“புதுசா வந்த தம்பி என்னைக்காவது வந்து கேப்பாருன்னு எடுத்து வச்சிருந்தேன், சாமி” என்றார். பிறகு, “மேலத் தெருப் பய ஒருத்தன், இடப்பக்கம் ஆடுவான். பந்து வந்தா வலக்காலுக்கு மாத்திக்கிட்டுத்தான் அடிப்பான். அத அவரு சரி பண்ணாரா?” என்று கேட்டார்.

நமக்குத் தெரியவில்லை என்றோம்.